வேலியோரக் கண்வலிக் கிழங்கு: உண்டால் உயிருக்கு ஆபத்து

கனகம்மாசத்திரம் போன்ற ஊர்களில் மழை விழுந்ததும் வேலியோரங்களிலும் குன்றடிப் புதர்களிலும் செங்காந்தள் கொடி துளிர்த்துப் படரும். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றும், கிழங்கு கலப்பை போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் கூறுவர். கண்வலிக் கிழங்கு என்பதும் இதுதான்.

நஞ்சு எங்கே உள்ளது?

கொடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. இதற்குக் காரணம் கோல்ச்சிசின் என்னும் பொருள். ஐரோப்பாவின் குளிர்ந்த புல்வெளிகளில் தானே வளரும் கோல்ச்சிகம் என்ற பூச்செடியிலும் இதே நஞ்சு உண்டு. அங்கே அதன் இலையைக் காட்டுப் பூண்டு இலை என்று எண்ணிச் சமைத்து உண்டு இறந்தவர்கள் உள்ளனர். இங்கே ஏமாற்றுவது கிழங்கு. சர்க்கரைவள்ளி என்றோ காட்டு வள்ளி என்றோ நினைத்து உண்டுவிடுகிறார்கள். வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது.

எப்போது கவனம் தேவை?

கொடி பச்சையாக இருக்கும்போது இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பி போல இருப்பதைக் கொண்டு எளிதில் அடையாளம் காணலாம். பூத்து முடிந்து கொடி காய்ந்தபின் மேலே எந்த அடையாளமும் இராது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். அந்நாட்களில் வேலியோரம் உழும்போதும் வரப்பு வெட்டும்போதும் கிளம்பும் கிழங்கைக் குழந்தைகள் கையில் கொடுக்கவோ, ஆடு மாடு மேயும் இடத்தில் போடவோ கூடாது. கவையாக வளைந்த கிழங்கு கிடைத்தால் ஆழக் குழியில் புதைத்துவிட்டுக் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

வீட்டருகே உள்ள கொடியைக் கிழங்கோடு தோண்டி எடுக்கவும். கொடியை மட்டும் அறுத்தால் அடுத்த மழைக்கு மீண்டும் துளிர்க்கும். ஆள் நடமாட்டமில்லாத புதரில் இருப்பதை அழிக்கத் தேவையில்லை.

உண்டுவிட்டால்

சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். இவை சற்றுக் குறைந்தாலும் ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணக்கூடாது. உடலில் உயிரணுக்கள் பெருகுவதை இந்த நஞ்சு தடுப்பதால், அடுத்த சில நாட்களில் சிறுநீரகமும் இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கும் பின்னர் முடி கொட்டுவது உண்டு.

கை வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல், 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். மீதிக் கிழங்கையும் கையோடு எடுத்துச் சென்றால் மருத்துவர் நஞ்சை அறிய உதவும். கால்நடை தின்றிருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டவும்.

மருந்தும் இதுவே

கீல்வாத மருந்துக்காகத் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் இதை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். ஆலையில் பிரித்து, அளந்து கொடுக்கும்போதுதான் அது மருந்து. பயிரிடுவோர் விதையைத் தானிய மூட்டைகளோடு சேர்த்து வைக்காமல், தனியே பூட்டி வைப்பது நல்லது.