“வேண்டாம்” என்று சொல்லத் தெரிந்தவர்

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லைக் கிணறு எல்லாம் இருக்கின்றன. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் விற்பவர் பெயரிலேயே இருக்கின்றன. இனி விலை பேசவேண்டியதுதான் என்று தோன்றும். நல்ல மனை ஆலோசகரோ விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று கேட்பார்: “அடிமனை யாருடையது?”

கட்டடம் ஒருவருக்கும் அது நிற்கும் மண் கோயிலுக்கும் உரியதாக இருப்பது ஸ்ரீரங்கம் தீவுக்குப் புதிதல்ல. ரங்கநாதர் கோயில் உரிமை கோரும் இடங்களில் பத்திரப்பதிவு நின்றுபோய், விற்கவும் அடமானம் வைக்கவும் வழியின்றி ஆண்டுக்கணக்கில் தவித்த குடும்பங்கள் உண்டு. 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, உரிய அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. பணம் கொடுத்தவர் கையில் வெறும் காகிதம்தான் மிஞ்சும்.

வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. அதில் பதிவான பத்திரங்கள் மட்டுமே தெரியும். வாய்மொழிக் குத்தகை, பதிவு செய்யாத உயில், நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவை பெரும்பாலும் அதில் இடம்பெறுவதில்லை. திருச்சிக்கு மேற்கே உள்ள திருச்செந்துறையில் 2022 செப்டம்பரில் நடந்தது நினைவிருக்கலாம். நிலத்தை விற்கப் பத்திரப்பதிவு அலுவலகம் போனவரிடம், வக்பு வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றார்கள். ஊரே கொந்தளித்தது, பேச்சுவார்த்தைக்குப் பிறகே பதிவு மீண்டும் நடந்தது. உரிமை யாருக்கு என்பது தனி விவாதம். வாங்குபவருக்கு இதில் உள்ள பாடம் ஒன்றுதான்: முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணைச் சொல்லி விசாரித்துவிட வேண்டும். நமக்காக அங்கே போய் நிற்பது ஆலோசகரின் வேலை.

காகித வேலை அத்துடன் முடிவதில்லை. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய கிரயப் பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா, பட்டாவில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா, புல வரைபடத்தின் அளவும் தரையில் சங்கிலி பிடித்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று அவர் பார்ப்பார். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டால் ஆகாது, தங்கைக்கும் பங்கு உண்டு என்று வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்குவார். பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் விற்பனை நடந்தால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்துவிட்டாரா என்று விசாரிப்பார். இறுதிக் கருத்தை வழக்கறிஞரிடம்தான் வாங்க வேண்டும். எந்தக் கேள்வியோடு வழக்கறிஞரிடம் போக வேண்டும் என்று தெரிந்தவரே ஆலோசகர்.

அடுத்தது மண். திருச்சி பஞ்சப்பூரில் 2025இல் புதிய பேருந்து முனையம் வந்த பிறகு, எங்கோ இருக்கிற மனையெல்லாம் “பஞ்சப்பூருக்குப் பக்கம்” ஆகிவிட்டது. நல்ல ஆலோசகர் உங்களை மழைக்காலத்தில் அந்த மனைக்கு அழைத்துப் போவார். கோரையாறும் குடமுருட்டியும் பெருகினால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்பார். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அனுமதி உண்டா, அனுமதியற்றது என்றால் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவாகி வரன்முறைப்படுத்தப்பட்டதா என்று பார்ப்பார். பாதை பொதுவழியா, பக்கத்து வயல்காரரின் தயவில் போகும் வழியா என்பதையும் சொல்வார்.

பிறகு பணம். பேசிய விலையோடு செலவு முடிவதில்லை. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று, பத்திர விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதில் 9 சதவீதம் போகும். 40 லட்சம் என்றால் அதுவே 3 லட்சத்து 60 ஆயிரம். பத்து லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். ஐம்பது லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். இந்தக் கணக்கை முதல் நாளே எழுதிக் கொடுப்பவரை நம்பலாம்.

இத்தனையும் செய்பவரை எப்படி அடையாளம் காண்பது? 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டங்களில் மனையோ அடுக்குமாடி வீடோ விற்றுத்தரும் முகவர், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் தாமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆணையத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். ஆனால் உத்திர வீதிப் பழைய வீட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவர் வாங்கும்போது இந்தக் காவல் கிடையாது. அங்கே நாம்தான் கேட்க வேண்டும்: “விற்பவரிடமும் கமிஷன் வாங்குகிறீர்களா? எவ்வளவு?” மறைக்காமல் சொல்பவரோடு மேலே பேசலாம்.

தரகு முடிந்த வியாபாரத்துக்குத்தான் கிடைக்கும். தட்டிப்போன வியாபாரத்துக்கு யாரும் தருவதில்லை. இதனால்தான் “வேண்டாம், விட்டுவிடுங்கள்” என்ற சொல் தரகர் வாயில் எளிதில் வருவதில்லை. அதை மாற்ற நம்மால் முடியும். வீடு அமைந்தாலும் அமையாவிட்டாலும் விசாரித்துத் தருவதற்கு இவ்வளவு என்று முதலிலேயே கூலி பேசிவிடுங்கள். ஆயுள் சேமிப்பைப் போட்டு வாங்குகிற மண்ணுக்கு அது பெரிய செலவல்ல. அப்போதுதான் அவர் அடிமனையைப் பற்றிக் கேட்டுவிட்டு, பதில் சரியில்லை என்றால் நஷ்டக் கவலையின்றி நம்மைத் திருப்பி அழைத்து வருவார்.