கருவியைப் பற்றும் காலட்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் உத்தனப்பள்ளி. கேழ்வரகும் தக்காளியும் விளையும் இவ்வூரையடுத்த நாகமங்கலத்தில் கைப்பேசி உறுப்புகள் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை எழுந்துள்ளது. ஓசூர் வட்டாரப் பட்டறைகளிலும் கணினிவழி இயங்கும் வெட்டு எந்திரங்கள் பெருகிவிட்டன. அவற்றின் விலையை வியந்து பேசுவோர் பலர். வெட்டுங் கருவியைப் பற்றி நிற்கும் சிறிய எஃகு உறுப்பினைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுவோர் கலந்து உழைக்கும் இவ்வெல்லைப் பகுதியில் அனைவரும் அதனைக் 'காலட்' என்றே அழைப்பர்.

'சிறு கழுத்துப்பட்டை' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடிகாரத் தொழிலாளர் தம் சிறு கடைசல் எந்திரங்களில் இதனைக் கையாண்டனர். 1980களில் டைட்டன் கடிகார ஆலை கண்ட ஓசூருக்கு இஃது அயலான பொருளன்று எனலாம்.

காலட்டின் வெளிப்புறம் கூம்பு வடிவினது. உடலில் நெடுக்காகப் பிளவுகள் உண்டு. நட்டை முறுக்குங்கால் கூம்பு தனக்குரிய குழிக்குள் அழுந்த, பிளவுகள் நெருங்கிக் கருவியின் காம்பைச் சுற்றெங்கும் ஒருசேர இறுக்குகின்றன. மூன்று தாடைகளால் பிடிக்கும் டிரில் சக்கு துளையிடுதற்குப் போதும். பக்கவாட்டில் வெட்டும் எண்ட் மில்லுக்கு அது சிறிதும் ஆகாது.

இன்று பெருவழக்காயுள்ளது, சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1970களில் உருவாக்கிய இ.ஆர். வகை. இ.ஆர். 32 என்னும் அளவில் பொதுவாக 20 மி.மீ. வரையிலான காம்புகளைப் பிடிக்கலாம். ஒவ்வொரு காலட்டும் ஏறத்தாழ 1 மி.மீ. சுருங்கும். '10–9' எனப் பொறித்த காலட் 9 மி.மீ. காம்பையும் பற்றும், ஆயினும் 10 மி.மீ. காம்பையே செம்மையாகப் பற்றும். அதனினும் பருத்ததைத் திணித்தால் காலட் கெடும்.

பொருத்தும் முறையில்தான் பிழை மிகுதி. காலட்டை முதலில் குழியில் இட்டு, மேலே நட்டைத் திருகுவோர் உளர். அது தவறு. முதலில் காலட்டைச் சாய்த்து நட்டுக்குள் 'டக்' என அமர்த்த வேண்டும். பின்னரே கருவியைச் செருகிப் பிடிப்பானில் முறுக்க வேண்டும். காம்பு, காலட்டின் நீளத்தில் மூன்றில் இரு பங்கேனும் உள்ளே செல்லுதல் நலம். குழியில் ஒட்டிய ஒரு சிறு உலோகத்துகளும் கருவியின் நேர்மையைக் குலைக்கும்.

இதன் விளைவை ஒரு கணக்கால் நோக்குவோம். இரு பற்களையுடைய கட்டரைப் பற்கொன்றுக்கு 0.02 மி.மீ. வீதம் செலுத்துகிறோம் எனக் கொள்வோம். டயல் இண்டிகேட்டர் காட்டும் ஆட்டமும் 0.02 மி.மீ. எனின், ஒரு பல் 0.04 மி.மீ. வெட்டும், மற்றொன்று வெறுமனே சுழலும். மெல்லிய கட்டராயின் விரைவில் முறியும். உடனே பழி இளந் தொழிலாளியின் கவனக்குறைவின் மீது விழுகிறது. சில இடங்களில் கூலியிலும் கைவைப்பர். காலட்டைக் கழற்றிப் பார்ப்பாரில்லை. இது முறையன்று என்பதே நம் கருத்து.

காலட்டுக்கும் எல்லையுண்டு. ஆழ்ந்து வெட்டும் முரட்டு வேலையில் கட்டர் சிறிதுசிறிதாக வெளியே நழுவக்கூடும். அங்குப் பக்கத் திருகால் இறுக்கும் பிடிப்பானே தக்கது. மரையிடும் டேப்புக்குச் சதுரத் துளையுடைய தனிக் காலட் உண்டு. காலட் தேயும் பொருளே. வாய் விரிந்ததை மீண்டும் பெட்டியில் வைத்தல் கூடாது, அடுத்த முறைக்காரர் அறியாமல் எடுத்து மாட்டிவிடுவார்.