கழிவுப் பொருட்களும் வீட்டுத்தோட்டமும்

பழைய பொருட்களை வீட்டுத்தோட்டத்தில் மீளப் பயன்படுத்துவதன் நன்மைகளைக் கேட்டால், எமது மாணவர்களில் பலர் "சூழல் மாசடைதல் குறையும், பணம் மீதமாகும்" என்று எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிடுகின்றனர். விடை பிழையல்ல. ஆனால் அடியில் துளையுள்ள வாளியில் நட்ட கத்தரி காய்க்க, துளையில்லாத வாளியில் நட்டது வாடுவது ஏன் என்று காரணம் கேட்டால் பதில் வருவதில்லை. புள்ளிகள் இழக்கப்படுவது அங்கேதான்.

முதலில் எமது மண்ணைப் பார்ப்போம். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளும் ஒரே மாதிரியானவை அல்ல. மேற்கே படுவான்கரை நெல் விளையும் பூமி. கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரையில் கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி போன்ற ஊர்களில் பெரும்பாலும் மணலே உண்டு. மணலின் துணிக்கைகள் பெரியவை. அவற்றின் இடைவெளிகளும் பெரியவை. காலையில் ஊற்றிய நீர் வேர் உறிஞ்ச முன்னரே கீழிறங்கிவிடும். கரைந்த பசளையும் அதனோடு போய்விடும். ஆகவே இங்கு பழைய வாளியோ உரப்பையோ வெறும் அலங்காரச் சாடியல்ல. மேல்மண்ணையும் கூட்டெருவையும் வேரைச் சுற்றிப் பிடித்து வைக்கும் சுவராகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதனைப் பின்னேர நிழலுக்கு நகர்த்தலாம். மாரியில் வளவில் வெள்ளம் நின்றால் தூக்கித் திண்ணையில் வைக்கலாம்.

இனித் துளைக்கு வருவோம். நான் கலைப்பட்டதாரி, இதனைப் புத்தகத்தில் படிக்க முன்னர் நட்டத்தில்தான் படித்தேன். கைபிடி உடைந்த ஆறு வாளிகளில் கொச்சிக்காய்க் கன்று நட்டேன். வாளி பழுதாகக் கூடாதென்று துளையிடவில்லை. கார்த்திகை மழையில் ஆறும் அழுகின. வேரும் ஒரு உயிருள்ள உறுப்பு. சுவாசிப்பதற்கு அதற்கு ஒட்சிசன் தேவை. மண்ணின் இடைவெளிகள் யாவும் நீரால் நிரம்பினால் காற்றுக்கு இடமில்லை. வேர் இறக்கும், அதனால் நீரை உறிஞ்ச முடியாது. நீர் நிறைந்த வாளியிலேயே செடி வாடுவதன் காரணம் இதுவே.

துளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கரையோரக் கிணறுகள் பலவற்றுக்குள் கடல்நீர் புகுந்தது. சுனாமி இல்லாவிட்டாலும் கடலோரக் கிணறுகள் சில கோடையில் உவர்ப்படைவது எமக்குத் தெரிந்ததே. அந்நீரை ஊற்றும்போது நீர் ஆவியாகிவிடும், உப்பு மண்ணிலேயே தங்கும். அடியில் வழி இருந்தால்தான் அடுத்த மழை அந்த உப்பைக் கழுவி வெளியேற்றும்.

துளையே இல்லாமல் பயன்படும் பாத்திரம் ஒன்று உண்டு. அது மண்குடம். வாய் உடைந்த பழைய குடத்தைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து நீர் நிரப்பி, சுற்றிலும் தக்காளியோ பாகலோ நடுங்கள். சுட்ட களிமண்ணின் நுண்டுளைகளினூடாக நீர் கசியும். சுற்றியுள்ள மண் உலர்ந்திருந்தால் கசிவு கூடும். ஈரமாக இருந்தால் குறையும். அதாவது தேவையின் அளவைக் குடமே அறிந்து கொடுக்கிறது. சீனாவில் 2000 ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட விவசாய நூலொன்றிலேயே இம்முறை கூறப்பட்டுள்ளது. அடியில் வெடிப்புள்ள குடம் உதவாது. பழைய கறிச்சட்டியும் சரிவராது, எண்ணெய் அதன் நுண்டுளைகளை அடைத்திருக்கும். குடத்தின் வாயைத் துணியால் கட்டி, மேலே மூடியொன்றை வைக்க மறக்க வேண்டாம்.

ஏன் மூட வேண்டும்? 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு வாவியைத் தேடிப் போவதில்லை. எமது வளவிலுள்ள சிரட்டையும் பேணியுமே அதற்குப் போதும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் அது முட்டையிடும். முட்டை உலர்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டதும் குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் நுளம்பாகப் பறக்கும். எனவே நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத்தடுப்புச் சட்டத்தின்படி, நுளம்பு பெருகக்கூடிய பேணி, போத்தல், சிரட்டை, பழைய ரயர் போன்றவற்றை வளவிலிருந்து அகற்றுவது குடியிருப்பவரின் கடமையாகும். ரயரில் செடி நடுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். ரயரின் உட்குழிவில் நீர் தேங்கும். அதனை மண்ணால் முற்றாக நிரப்பி, பக்கச்சுவரிலும் துளையிட வேண்டும். என்னைக் கேட்டால் ரயரே வேண்டாம், உரப்பை நல்லது.

2022 ஜூனில், பொருளாதார நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டம் செய்வதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் கைக்கு அகப்பட்ட எல்லாவற்றிலும் மக்கள் மண் நிரப்பினர். ஆனால் எல்லாப் பாத்திரமும் உணவுப் பயிருக்கு ஏற்றதல்ல. வயலில் கிடக்கும் பீடைநாசினிக் கொள்கலன்களை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது. பழைய வாகனப் பற்றரிப் பெட்டியில் ஈயம் எஞ்சியிருக்கும். அதில் வளரும் கீரையில் அது சேரக்கூடும். பழைய பெயின்ற் வாளியில் பூஞ்செடி நடலாம், வல்லாரை வேண்டாம்.

மீனவர் வீடுகளில் கிடைக்கும் பழைய வலை பயிற்றைக்கும் பாகலுக்கும் நல்ல படர்பந்தல். வாவியில் எறிந்தால் அதே வலை ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். தோட்டத்தில் கட்டும்போது நிலத்திலிருந்து ஓர் அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். இல்லையேல் எலி பிடிக்க வரும் சாரைப்பாம்பு சிக்கிச் சாகும்.

பயிற்சி வினா: எழுவான்கரையில் வசிக்கும் ஒருவர் துளையிடாத பிளாஸ்ரிக் வாளியில் கத்தரி நட்டு, உவர்க் கிணற்று நீரை ஊற்றுகிறார். செடி வாடுவதற்கான இரு காரணங்களையும், அவ்வாளியால் அயலவருக்கு ஏற்படக்கூடிய ஆபத்து ஒன்றையும் விளக்குக.