ஜாடை காட்டினால் போதுமா?

ஜப்பானுக்குப் புறப்படும் நம் ஊர் அம்மாள் ஒருவரிடம், "அங்கே பாஷை தெரியாமல் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "வாயில்லா ஜீவன்கள் பிழைக்கவில்லையா? கையைக் காலை ஆட்டிச் சமாளிக்க வேண்டியதுதான்!" என்று பதில் வரும். இது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியில்தான் வயிற்றுப்பாடு இருக்கிறது.

முதலில் அந்த முக்கால்வாசியைச் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் பாதாள ரயில் ஏற ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறம், ஓர் ஆங்கில எழுத்து. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண். 2004-ஆம் ஆண்டு வந்த ஏற்பாடு இது. கின்ஸா நிலையம் ஜி-9. பெரிய கோயில் இருக்கும் அசகுசா ஜி-19. ஆரஞ்சு நிறத் தடத்தில் ஏறிப் பத்து நிலையம் எண்ணினால் தீர்ந்தது. எண் ஏறுவதற்குப் பதில் குறைந்துகொண்டே போனால், எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்த நிலையத்தில் பேசாமல் இறங்கிக்கொள்ளலாம். கூட வந்த கணவரைக் கோபித்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

இந்தக் கரிசனம் அங்கே நேற்று வந்ததல்ல. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. உலகமே வந்து இறங்கப்போகிறது. ஜப்பானிய மொழி படிக்கத் தெரிந்தவர்கள் அதில் எத்தனை பேர்? கட்சுமி மசாரு என்பவர் தலைமையில் ஓவியர்கள் கூடி, ஒவ்வொரு விளையாட்டுக்கும், கழிப்பறை, தொலைபேசி போன்ற வசதிகளுக்கும் எழுத்தே இல்லாத சின்னப் படங்களை வரைந்தார்கள். இன்று நம் ஊர் விமான நிலையத்துக் கதவில் விறைப்பாக நிற்கும் ஆண் பொம்மையும் பெண் பொம்மையும் அவற்றின் உறவுக்காரர்கள்தாம்.

சாப்பாட்டுக் கடைக்குப் போனாலோ இன்னும் வேடிக்கை! வாசல் கண்ணாடி அலமாரியில் கிண்ணம் கிண்ணமாக ஆகாரம். ஆவி பறக்காததுதான் குறை. அத்தனையும் போலி! முன்பு மெழுகில் செய்தார்கள், இப்போது பிளாஸ்டிக். இவாசாகி தகிசோ என்பவர் 1932-இல் ஒஸாகாவில் இதை ஒரு தொழிலாகவே ஆரம்பித்தார். பக்கத்திலேயே விலைச்சீட்டு. விரலை நீட்டினால் போதும், அதே கிண்ணம் மேஜைக்கு வந்துவிடும்.

ஜாடைகளும் நமக்கு அந்நியமில்லை. உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரல்களை அசைத்தால் "இங்கே வா" என்று பொருள். ஐரோப்பியர் பலர் அதை "போ" என்று நினைத்து விலகிப் போவார்களாம். நமக்கோ, திண்ணையிலிருந்து அத்தைப்பாட்டி கூப்பிடுகிற அதே ஜாடை! முகத்துக்கு முன்னால் ஈ ஓட்டுவதுபோல் கையை ஆட்டினால் "இல்லை, வேண்டாம்." நம்முடைய தலையாட்டலை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

சரி, அந்தக் கால்வாசிக்கு வருகிறேன். நீங்கள் சைவம் என்று வைத்துக்கொள்வோம். அலமாரியில் ஒரு கிண்ணம்: வெள்ளை வெளேரென்று கோதுமை நூடுல்ஸ், மேலே பொரித்த சோயாக் கட்டி, நறுக்கிய வெங்காயத் தாள். பரம சைவம் என்று விரலை நீட்டிவிடுவீர்கள். நமக்குப் பருப்புத் தண்ணீர் எப்படியோ அப்படி அவர்களுக்குத் 'தாஷி' என்ற சாறு. காய்ந்த சூரை மீனை மெல்லிய சீவலாகச் சீவி, வெந்நீரில் ஊறவிட்டு வடிகட்டிவிடுவார்கள். சாறு மட்டும் கிண்ணத்தில் நிற்கும். மீன் கண்ணில் படாது.

இருக்கிற பொருளை விரலால் காட்டலாம். இருக்கக் கூடாத பொருளை எந்த விரலால் காட்டுவது?

"மீன் இல்லையே?" என்று கேட்டால் "ஹை" என்பார்கள். நாம் "ஆமாம், இல்லை" என்பதுபோலத்தான் அவர்களும் பதில் சொல்வார்கள். ஆங்கிலத்தைப்போல் தலைகீழ் அல்ல. ஆனால் 'ஹை' என்பது பல சமயம் வெறும் ஊம் கொட்டுவதுதான்: "தாங்கள் சொல்வது காதில் விழுகிறது" என்ற மரியாதை. சமையல்காரரும் பொய் சொல்லவில்லை. கிண்ணத்தில் மீன் துண்டு கிடையாதே!

கைப்பேசி மொழிபெயர்த்துவிடுமே என்பீர்கள். 'சைவம்' என்றால் அதுவும் ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கும். அந்தச் சொல்லுக்குள் தாஷி அடங்குமா என்று சமையல்காரருக்குத் தெரிய வேண்டாமா? ஆகையால், புறப்படுமுன் அந்த மொழி அறிந்த ஒருவரிடம் நாலு வரி எழுதி வாங்கிக் கைப்பையில் வையுங்கள். "இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், மீனில் எடுத்த தாஷியும் வேண்டாம்" என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கட்டும். வேர்க்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாத குழந்தையை அழைத்துப் போகிறவர்களுக்கு இந்தச் சீட்டு ஆசார விஷயமல்ல, உயிர் விஷயம். பொட்டலத்தில் அடைத்து விற்கும் பண்டங்களில் இவற்றை அச்சிட வேண்டும் என்று அங்கே சட்டம் உண்டு. ஓட்டல்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஒரே ஒரு பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'ஷோஜின் ரியோரி.' பௌத்த மடங்களின் சமையல். மீன் கிடையாது, இறைச்சி கிடையாது. தாஷியைக் கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் எடுக்கிறார்கள். வெங்காயம், பூண்டுகூடத் தள்ளுபடி. மாமியாரைத் தாராளமாக அழைத்துப் போகலாம். கோயா மலையில் யாத்ரீகர்கள் தங்கும் கோயில்களில் இந்தச் சாப்பாடு கிடைக்கும். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சாயங்காலமே பரிமாறிவிடுவார்கள், எட்டு மணிக்குப் போய் நின்றால் பலனில்லை.