கழுத்து நிணநீர்க் கணுக்களும் அவற்றின் எல்லைகளும்

வாயிலே தோன்றும் புற்றுநோய் பரவத் தொடங்கின், பெரும்பாலும் முதலிற் சென்று தங்குமிடம் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களேயாம். 1906இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜோர்ஜ் கிறைல், இக்கணுக்களை ஒருங்கே அகற்றும் முறையை விவரித்தார். அத்தகைய பேரறுவையிலே துணைநரம்பும் வெட்டப்படின், நோயாளி தோளை உயர்த்தும் ஆற்றலை இழப்பார். வேண்டியதை மட்டும் அகற்றுதற்குக் கழுத்தின் எல்லைகள் வரையறுக்கப்படல் வேண்டும்.

1999இல் சோம், கேட்டின், மன்குசோ ஆகியோர், சீ.ரி., எம்.ஆர்.ஐ. படங்களிற் புலப்படும் உறுப்புகளையே எல்லைகளாகக் கொண்டு கணுக்களை வகுத்தனர். நாவின் அடியிலுள்ள என்பின் கீழ்விளிம்பு 2ஆம், 3ஆம் பிரிவுகளையும், குரல்வளையின் மோதிரக் கசியிழையத்தின் கீழ்விளிம்பு 3ஆம், 4ஆம் பிரிவுகளையும் வேறாக்கும். 1ஆம் பிரிவு தாடையின் கீழுள்ளது. வாய்ப் புற்றுநோய் பெரிதும் முதல் மூன்று பிரிவுகளையே நாடுமாதலின், தக்க நோயாளருக்கு அவற்றை மட்டும் அகற்றினால் அமையும்.

கணுக்களின் எண்ணிக்கை, பருமன், பக்கம் என்பன நோயின் படிநிலையை நிர்ணயிப்பன. 3 சதமமீற்றர், 6 சதமமீற்றர் என்பன பருமனின் எல்லைகள். புற்று கணுவின் உறையைக் கடந்ததோ என்பதும் 2017ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்க்கப்பட்டது.

பொதுவாகக் குறுகிய விட்டம் 10 மில்லிமீற்றரை மிஞ்சிய கணு ஐயத்திற்குரியது. எனினும், பல்நோயாலும் கணு பருக்கும். சிறு கணுவிலும் புற்றுக் கலங்கள் மறைந்திருக்கும். ஆதலின், ஐயமுற்ற கணுவிலிருந்து ஊசியாற் கலங்களை எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்வர். படம் இடத்தை உணர்த்தும். நோயை உறுதிசெய்வது கலமே.