வகுக்காமலே வகுக்கும் வித்தை

சத்தம் போடாமல் வாங்க, ஒரு ராட்சத எண்ணின் ஒப்பனை அறையை எட்டிப் பார்த்துவிடலாம். 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையிலிருந்து போனால் போகிறதென்று ஒரே ஒரு 1-ஐக் கழித்தால் கிடைப்பவர் இவர். 2024 அக்டோபரில் அறிவித்தபோது, அதுவரை தெரிந்த பகா எண்களிலேயே பெரியவர். 88169432 என்று தொடங்கி 871551 என்று முடிகிறார். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள்!

ஆனால் அரிதாரத்தைக் கலைத்து, கணினியின் இரும முறையில் எழுதிப் பாருங்கள். 1, 1, 1, 1... வெறும் ஒன்றுகள்! மருந்துக்குக்கூட ஒரு பூஜ்யம் கிடையாது.

சூட்சுமமே இதில்தான். இப்படி இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்து வரும் மெர்சென் வகை எண் பகா எண்தானா என்று பார்க்க லூக்கா–லேமர் சோதனை இருக்கிறது. 4-இல் தொடங்க வேண்டும். வர்க்கப்படுத்து, 2-ஐக் கழி, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். மறுபடியும் அதே. அடுக்கைவிட, அதாவது பெருக்கிய இரண்டுகளின் எண்ணிக்கையைவிட, இரண்டு குறைவான சுற்றுகள் முடிந்ததும் பூஜ்யம் வந்தால் பகா எண், இல்லையென்றால் இல்லை.

குட்டித் தம்பி 31-ஐ வைத்து ஒத்திகை பார்ப்போமா? அடுக்கு 5, ஆகவே மூன்றே சுற்று. 4 முதலில் 14 ஆகிறது, பிறகு 194. இரும முறையில் அது 11000010. இப்போதுதான் வேடிக்கை: 31-உம் இரும முறையில் வெறும் ஐந்து ஒன்றுகள்தான், அதனால் வகுக்கவே வேண்டாம்! கடைசி ஐந்து இலக்கங்களைத் தனியே எடுத்தால் 2, முன்னால் மிஞ்சிய 110 என்பது 6. இரண்டையும் கூட்டினால் 8, அதுதான் மீதி. 8-இன் வர்க்கத்தில் 2 போனால் 62. இரண்டு 31. மீதி பூஜ்யம்!

பெரியவருக்கும் இதே வெட்டிக் கூட்டும் வேலைதான், 13,62,79,839 தடவை. ஒவ்வொரு தடவையும் கோடிக்கணக்கான இலக்கங்களை வர்க்கப்படுத்த ஃபூரியர் உருமாற்றம் கை கொடுக்கிறது. அதைவிடக் கூத்து, முழு எண்ணுக்கான இந்தக் கணக்கைத் தசமங்களில் தோராயமாகப் போட்டு, பிறகு பக்கத்து முழு எண்ணுக்கு நகர்த்திக்கொள்கிறார்கள். நெஞ்சு பதறுகிறது இல்லையா? அதனால்தான் நடுநடுவே பிழை இருக்கிறதா என்ற சரிபார்ப்பும் உண்டு.

ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வலர் கூட்டத்தின் வேட்டை இது. என்விடியாவில் முன்பு வேலை பார்த்த லூக் டியூரன்ட், 17 நாடுகளில் பரவியிருந்த மேகக் கணினிகளின் கிராஃபிக்ஸ் சிப்களைக் களமிறக்கினார். அக்டோபர் 11 அன்று அயர்லாந்தின் டப்ளினில் இருந்த ஒரு சிப், வேறொரு சோதனையை முடித்து, 'அநேகமாகப் பகா எண்' என்றது. மறுநாளே டெக்சஸின் சான் அன்டோனியோவில் இருந்த இன்னொரு சிப் லூக்கா–லேமரை ஓட்டி, அந்த 'அநேகமாக'வை அழித்துவிட்டது.

மெர்சென் பகா எண்ணுக்கு ஒரு இலவச இணைப்பும் உண்டு, யூக்ளிட் காலத்திலிருந்தே! 31-ஐ 16-ஆல் பெருக்கினால் 496. தன்னைத் தவிர மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே திரும்ப வரும் நிறைவெண் அது. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணுக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு. நம் பெரியவரின் ஜோடிக்கு 8,20,48,640 இலக்கங்கள்!