1951: தோற்காத அணி, வராத அழைப்பு

கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து இது. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 'டான்ஸ்' அணி 1951-இல் ஆடிய 9 ஆட்டங்களிலும் வென்றது. அணியின் ஆலி மேட்சன் பந்தோடு ஓடியே 1,566 கெஜம் கடந்தார். அந்த ஆண்டு நாட்டிலேயே அதுதான் அதிகம். இருந்தும், பருவ இறுதியில் நடக்கும் பௌல் ஆட்டங்களுக்கு அழைப்பு வரவில்லை.

காரணம் இனம்: மேட்சனும் சக வீரர் பர்ல் டோலரும் கறுப்பினத்தவர். அவர்களை விட்டுவிட்டு வந்தால் மட்டுமே ஆடலாம் என்றனர் அமெரிக்காவின் தெற்கில் பௌல் ஆட்டங்களை நடத்தியவர்கள். சக வீரர்கள் இசையவில்லை. இருபதைத் தாண்டிய இளைஞர்கள், கைக்கெட்டிய பெரிய மேடையைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள்.

பணமுடையில் இருந்த பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தோடு அணியைக் கலைத்தது. அணியில் ஆடிய மேட்சன், ஜீனோ மார்செட்டி, பாப் செயின்ட் கிளேர் மூவரும் பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றனர். முழங்கால் காயத்தால் ஆட்டத்தை இழந்த டோலர், 1965-இல் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான என்.எப்.எல். போட்டிகளின் முதல் கறுப்பின நடுவரானார்.